காரைக்கால் சாராயக் கலம்

வடக்கே தரங்கம்பாடிக்கும் தெற்கே நாகூருக்கும் நடுவில், அரசலாறும் திருமலைராஜனாறும் கடலில் கலக்கும் கடைமடையில், ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்தது காரைக்கால். வயலில் நெல், கொல்லையில் தென்னை, வரப்பிலும் மணல் மேட்டிலும் பனை என்று இருக்கும் இந்த மண்ணில் கள் இறக்குவது மிகப் பழைய தொழில். கள்ளையோ வெல்ல ஊறலையோ கலத்தில் ஏற்றிக் காய்ச்சிச் சாராயம் ஆக்குவது அதற்குப் பிந்தி வந்தது. சாராயம் எந்தக் கலத்தில் காய்ந்தது, யார் காய்ச்சினார்கள், எங்கே விற்றார்கள் என்பதில் கொல்லரின் கைத்திறனுக்கு ஓரளவு பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு இந்தச் சிறு நிலத்தைச் சுற்றிக் கிடந்த எல்லைக்கும், எல்லைக்கு இருபுறமும் போட்ட வரிக்கும் உரியது.

சங்க நூல்களில் வரும் கள், நறவு, தேறல், தோப்பி ஆகிய எல்லாமே புளிக்க வைத்த பானங்கள். காரைக்காலுக்கு வடக்கே அதே கடற்கரையில் இருந்த காவிரிப்பூம்பட்டினத்தில் மதுக்கடைகளின்மேல் கொடி பறந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. மூங்கில் குழாயில் அடைத்து முதிரவைத்த தேறலும் அக்காலத்தில் உண்டு. ஆனால் புளிப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. சாராயச் சத்து கூடக்கூட அதை உண்டாக்கும் ஈஸ்ட்டே அதனால் செத்துவிடும். தென்னங்கள்ளில் சாதாரணமாக 4 முதல் 6 விழுக்காடு வரைதான் சாராயச் சத்து இருக்கும். விட்டுவைத்தால் ஏறாது, காடியாகிப் புளித்துக் கெடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் நெருப்பும் குளிர்நீரும் வேண்டும்.

இந்தியாவில் வடித்தல் எப்போது தொடங்கியது என்பது அறிஞர்களிடையே தீராத வழக்கு. தட்சசீலத்தில் ஜான் மார்ஷல் அகழ்ந்தெடுத்த மண்கலங்களையும், இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஷைக்கான் தேரியில் கிடைத்தவற்றையும் வைத்து, வடித்தலின் பிறப்பிடம் இந்தியாவாக இருக்கலாம் என்று 1979ல் தொல்லியலாளர் எஃப். ஆர். ஆல்சின் எழுதினார். அந்தக் கலங்களில் வடித்தது மதுவா வெறும் நீரா என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் இந்தக் கருவி தெளிவாகத் தெரியும் இடம் சித்த மருத்துவம். ஓமத் தீநீர் போன்ற தீநீர் வகைகளை வைத்தியர்கள் வாலை என்ற கலத்தில் இறக்கினார்கள். கீழே கொதிக்கும் பாண்டம், மேலே ஆவியைக் குளிர்விக்கும் மூடி, பக்கவாட்டில் துளிகள் வழியும் மூக்கு. சாராயம் காய்ச்சியவர்களின் கலமும் அமைப்பில் இதேதான், அளவுதான் பெரிது.

நாட்டுக் கலத்தின் அமைப்பு எளிது. கொல்லைப்புறத்திலோ தோப்பிலோ தோண்டிய அடுப்பில் ஒரு பெரிய பானை. அதில் ஊறல். அதன் வாயில் அடியில் ஓட்டைகள் போட்ட இன்னொரு பானை. இரண்டும் சேரும் இடத்தை மண்ணாலும் துணியாலும் ஆவி போகாதபடி பூசிவிடுவார்கள். மேல்பானைக்குள் ஒரு தட்டு அல்லது அகன்ற சிறு சட்டி. அதிலிருந்து வெளியே ஒரு மூங்கில் குழாய். எல்லாவற்றுக்கும் மேலே குவிந்த அடியுள்ள ஒரு பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர். ஆவி மேலேறி அந்தக் குளிர்ந்த அடியில் பட்டுத் துளியாகும், துளி தட்டில் விழும், தட்டிலிருந்து குழாய் வழியே வெளியில் வைத்த கலயத்துக்கு வரும். மேலே உள்ள தண்ணீர் சூடானதும் மாற்ற வேண்டும். மாற்றத் தவறினால் ஆவி துளியாகாமல் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வெளியேறும். பக்கத்தில் அடுப்பு எரிகிறது என்பதால் அது உயிருக்கே ஆபத்து. நெருப்பு வேகம் தாண்டினால் ஊறல் பொங்கித் தட்டுவரை வந்துவிடும். ஆகவே இந்த வேலைக்கு விறகை விடக் கவனம்தான் அதிகம் தேவைப்பட்டது.

ஊறல் என்பது தண்ணீரில் கரைத்த வெல்லம் அல்லது கருப்பட்டி, அதோடு வெள்வேலம்பட்டை. தமிழ்நாட்டில் பட்டைச் சாராயம் என்ற பெயர் வந்தது இந்தப் பட்டையால்தான். வெள்வேல மரத்துக்கு வில்லியம் ராக்ஸ்பர்க் தாவரவியல் பெயர் சூட்டினார். ஆங்கிலேயர் அதைச் சாராய வேலம் என்றே குறித்தார்கள். பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து, கரைசலில் இருக்கும் புரதப் பொருள்களைப் பிடித்து அடியில் படியவைக்கும் என்பது பழைய தாவரவியல் நூல்கள் தரும் விளக்கம். வாய்க்குக் கொஞ்சம் துவர்ப்பும் மணமும் சேரும் என்பது குடித்தவர்கள் தந்த விளக்கம். கடுக்காயும் சில இடங்களில் சேரும். சில நாள்களில் நுரை அடங்கினால் ஊறல் காய்ச்சத் தயார். காரைக்கால் பக்கம் கரும்பு குறைவு, ஆனால் கள்ளுக்குக் குறைவில்லை. கள்ளையே நேராக ஏற்றிக் காய்ச்சிய சாராயம் இலங்கையில் பெரும் தொழிலானது. அந்தக் கொழும்புச் சாராயமும் உள்ளூர்ப் பட்டைச் சாராயமும் சென்னை மாகாணத்தில் தனித்தனிச் சரக்குகளாகவே அறியப்பட்டன.

மண்பானையில் காய்ச்சுவதில் இரண்டு குறைகள். ஒரு கலத்தில் அதிக அளவு காய்ச்ச முடியாது. நெருப்பில் பலமுறை ஏறி இறங்கினால் விரிசல் விடும். வியாபாரத்துக்குப் பெரிய அளவில் காய்ச்ச வந்தவர்கள் செம்புக்கு மாறினார்கள். செம்பு சூட்டை வேகமாகக் கடத்தும், அடித்து நீட்டி எந்த வடிவத்துக்கும் கொண்டுவரலாம், பற்றவைக்கலாம். இன்னொரு குணம் பின்னாளில்தான் வேதியியலுக்குத் தெரிந்தது: புளித்த ஊறலில் உண்டாகும் கந்தகச் சேர்மங்களைச் செம்பு பிடித்துக்கொள்ளும், அழுகல் நாற்றம் குறையும். இதனால்தான் ஸ்காட்லாந்தின் விஸ்கி ஆலைகள் இன்றுவரை செம்பை விடவில்லை. காவிரிக் கழிமுகத்தில் செம்பு வேலைக்கு ஆள் பஞ்சம் இருந்ததில்லை. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கன்னார்கள் அண்டா, தவலை, குடம் என்று அடித்துப் பழகியவர்கள். ஐரோப்பியர் வழக்கப்படி கலத்தின் தலையில் கழுத்து வைத்து, அந்தக் கழுத்தைச் சுருளாக வளைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவது மட்டுமே புதிய வேலை.

செம்பில் ஓர் ஆபத்தும் உண்டு. புளிப்பு பட்டால் களிம்பு பிடிக்கும். அதற்கு உள்பக்கம் ஈயம் பூசுவது நம் சமையலறை வழக்கம். பூசுவது வெள்ளீயமாக இருக்கும்வரை கவலையில்லை. விலை மலிவு என்று காரீயம் கலந்தாலோ, மூட்டுகளைக் காரீயத்தால் பற்றவைத்தாலோ, அந்த நஞ்சு சிறிது சிறிதாகச் சாராயத்தில் இறங்கும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆப்பிள் மது குடித்தவர்களை வாட்டிய வயிற்றுவலிக்குக் காரணம் பிழியும் செக்கிலிருந்த காரீயம் என்று மருத்துவர் ஜார்ஜ் பேக்கர் 1767ல் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் கள்ளச்சாராயம் காய்ச்சியவர்கள் பழைய கார் ரேடியேட்டர்களைக் குளிர்விப்பானாகப் பயன்படுத்தி அதே நோயை வாங்கிக்கொண்டதும் உண்டு.

காரைக்கால் 1739ல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அப்போது வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர்கள். தெற்கே நாகப்பட்டினத்தில் 1658 முதல் டச்சுக்காரர்கள். ஒரு நாள் நடையில் மூன்று ஐரோப்பியக் கொடிகள், நடுவில் தஞ்சை மன்னரின் கிராமங்கள். மூன்று நாட்டு வணிகக் கம்பெனிகளுக்கும் கப்பல் ஆள்களும் கோட்டைச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களுக்குச் சாராயம் வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வரும் பிராந்தி விலை அதிகம். கோரமண்டல் கரையின் சாராயம் கப்பல் சரக்காக மாறியதற்கு இதுவே காரணம். காரைக்காலில் குடிவகைகளை விற்கும் உரிமையைப் பிரெஞ்சுக் கம்பெனி தன் கையில் வைத்துக்கொள்ளாமல் குத்தகைக்கு விட்டது. புகையிலை, வெற்றிலை, கள், சாராயம் ஆகியவற்றின் குத்தகை பிரெஞ்சு நிர்வாகத்தின் வாடிக்கையான வருமானம். எடுத்தவர் ஒரு தொகையைக் கட்டிவிட்டு, அந்த எல்லைக்குள் தான் மட்டும் விற்கலாம். அடுத்தவன் பானையைக் கண்டால் உடைக்கச் செய்யலாம். குத்தகைக்காரருக்குப் பல சிறு பானைகளை விட ஒரு பெரிய செம்புக் கலம் வசதியாக இருந்ததில் வியப்பில்லை.

ஆங்கிலேயருடனான போர்களில் காரைக்கால் பலமுறை கைமாறியது. கடைசியாக 1817ல் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பியபோது அது பல்லிழந்த ஊர். கோட்டை கட்டக்கூடாது, படை வைக்கக்கூடாது. 1815 ஒப்பந்தத்தால் உப்பு உரிமையும் போனது; ஆங்கிலேயர் அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுத்தார்கள். 1818ல் உப்பளங்களையே மூடச் செய்து, அளக்காரர்களுக்கு ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் இழப்பீடு என்று முடிவானது. கடற்கரை ஊரில் உப்பு விளைவிக்க முடியாது என்ற நிலையில், உள்ளூரிலேயே வரி தேடும் நிர்வாகத்துக்கு மிஞ்சியவற்றில் நிலவரியும் குடியும் முக்கியமானவை. பிற்காலப் பிரெஞ்சிந்தியாவின் கள், சாராய வருமானத்தைப் பேசுகிறவர்கள் இந்த உப்புக் கதையை விட்டுவிடுகிறார்கள். விட்டால் கணக்கு புரியாது.

எல்லைக்கு வெளியே பிரிட்டிஷ் பகுதியில் வேறு போக்கு. ஊர் ஊராகக் கலம் வைத்துக் காய்ச்ச உரிமம் கொடுத்த முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுருங்கி, சில பெரிய வடிசாலைகளில் மட்டும் காய்ச்சி, வெளியேறும் ஒவ்வொரு கேலனுக்கும் தீர்வை வாங்கும் முறை வந்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் இதற்கு அடித்தளம். தென்னார்க்காட்டு நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி 1842ல் தொடங்கிய சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகு சாராயத்துக்கு நல்ல மூலப்பொருள். 1897ல் அந்தத் தொழிலை நடத்த லண்டனில் பதிவான நிறுவனத்தின் பெயரே ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் சுகர் ஃபாக்டரீஸ். வடிசாலை முதலில், சர்க்கரை பிறகு. சாராயத்தின் வலுவை அளப்பதிலும் இரண்டு அரசுகளும் வேறுபட்டன. பிரிட்டிஷ் கலால் அதிகாரி சைக்ஸ் அளவியை வைத்து ‘புரூஃப்’ கணக்குச் சொல்வார். நூற்றுக்கு 57 பங்குச் சாராயம் இருந்தால் அது புரூஃப். பிரான்சில் 1824 முதல் சட்டமான கே-லுசாக் அளவி நேராக நூற்றுக்கு எத்தனை பங்கு என்றே சொல்லிவிடும். இன்று பாட்டிலில் அச்சிடும் விழுக்காடு கே-லுசாக்கின் வழி.

இந்தக் காலத்தில் கலத்தின் உயரமும் மாறியது. சாதாரணக் கலத்தில் ஒருமுறை காய்ச்சினால் கிடைப்பது பலம் குறைந்த சாராயம். பலம் வேண்டுமென்றால் வடித்ததை மறுபடி ஊற்றிக் காய்ச்ச வேண்டும். சாராயச் சத்து 78.3 பாகை செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100ல். இரண்டும் கலந்திருக்கும்போது ஆவியில் இரண்டுமே வரும், சாராயம் மட்டும் சற்றுக் கூடுதலாக. ஆவி போகும் வழியில் ஒரு நெட்டையான தூணை நிறுத்தி, உள்ளே தட்டுகளையோ செம்புத் துண்டுகளையோ அடைத்தால், ஏறும் ஆவியில் ஒரு பகுதி குளிர்ந்து கீழே திரும்பி வழியும். வழியும் நீர்மமும் ஏறும் ஆவியும் ஒவ்வொரு தட்டிலும் சந்திக்க, தண்ணீர் கீழே இறங்கும், சாராயம் மேலே போகும். பலமுறை காய்ச்சிய பலன் ஒரே முறையில் கிடைத்துவிடும். உண்மையில் மண்பானைக் கலத்திலும் இது கொஞ்சம் நடக்கிறது: மேல்பானையின் சுவரில் பட்டுக் குளிர்ந்த துளிகள் ஓட்டைகள் வழியே ஊறலுக்குத்தான் திரும்புகின்றன. தூணும் தட்டும் அந்தத் தற்செயலைத் திட்டமாக்கின.

தூண்கலத்தை வளர்த்ததில் பிரெஞ்சுக்காரருக்குப் பெரிய பங்கு. மான்பெல்லியேயில் எதுவார் ஆதாம் 1801ல் தொடர்கலங்களை அமைத்தார்; செல்லியே-புளூமெந்தால் 1813ல் தட்டுத் தூணுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் உலகெங்கும் பரவியது 1830ல் டப்ளினில் ஈனியஸ் காஃபி பதிவுசெய்த வடிவம். காஃபி அயர்லாந்தின் கலால் துறையில் தலைமை அதிகாரியாக இருந்தவர். கள்ளக்கலங்களை உடைத்தே பாதி வாழ்நாள் கழித்தவர். வரி வாங்குகிறவரின் கையிலிருந்தே, கணக்கு வைக்க எளிதான, ஊறலை ஒரு முனையில் ஊற்றிச் சாராயத்தை மறுமுனையில் இடைவிடாமல் பிடிக்கும் கலம் வந்தது. அவ்வளவு பெரிய தூணைத் தோப்பில் ஒளித்துவைக்க முடியாது.

காரைக்கால்காரர்கள் தூண்கலங்களைப் பார்த்தது பெரும்பாலும் கடலுக்கு அப்பால். பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை 1848ல் ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் வேண்டியிருந்தது. புதுச்சேரியோடு காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைமுகமானது. 1861ல் பிரிட்டனோடு ஏற்பட்ட உடன்படிக்கைக்குப்பின் தஞ்சை, திருச்சி கிராமத்து ஆள்களையும் சட்டப்படியே சேர்க்க முடிந்தது. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் அவர்கள் வெட்டிய கரும்பின் சாறும் பாகும் செம்புத் தூண்களில் ரம்மாக இறங்கின. ரீயூனியனில் கரும்புச் சாராயத்துக்கு முன்பிருந்தே ‘ஆராக்’ என்றுதான் பெயர்; இந்தியப் பெருங்கடல் முழுவதும் சுற்றிய சொல் அது. தீவுத் தமிழர்கள் மதுரைவீரனுக்குப் படையல் போடும்போது ஊரில் சாராயமும் சுருட்டும் வைத்த இடத்தில் ரம்மும் சுருட்டும் வைத்தார்கள். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் அந்தத் தெய்வம் இன்றும் மல்தெவிலன் என்ற பெயரில் ரம் வாங்கிக்கொள்கிறது.

1937 அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948க்குள் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. காரைக்கால் அப்போதும் பிரெஞ்சு மண். ஒரே மொழி, ஒரே சொந்தம், ஒரே ஆற்றுத் தண்ணீர்; வரப்பு தாண்டினால் வேறு சட்டம். பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சிந்தியாவும் 1941ல் செய்துகொண்ட சுங்க ஒன்றியம் 1949ல் முடிந்தபோது எல்லையில் சுங்கக் காவலும் இறுகியது. தஞ்சை மாவட்டத்துத் தோப்புகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் மண்பானைக் கலம் மறுபடி உயிர்பெற்றது. செம்புக் கலம் விலையுள்ள பொருள், பிடிபட்டால் முழு நஷ்டம். பானையை உடைத்தால் நாளைக்கு இன்னொரு பானை. அலுமினியப் பாத்திரம், தகர டிரம், ரப்பர் குழாய் என்று கலம் ஆண்டுக்கு ஆண்டு மலிந்துகொண்டே போனது, சாராயத்தின் தரமும் அதோடு சேர்ந்து. மதுவிலக்கு குடியை எவ்வளவு குறைத்தது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். நல்ல கலத்தை ஒழித்தது என்பதில் இருக்க முடியாது.

1954 நவம்பர் 1ஆம் நாள் காரைக்கால் இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது. எல்லை மறையவில்லை, ஒன்றியப் பகுதியின் எல்லையாக நீடித்தது. 1970ஆம் ஆண்டின் புதுச்சேரி கலால் சட்டத்தின்கீழ் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் ஏலத்தில் விடப்படுகின்றன. எடுத்தவர் மாதந்தோறும் கட்டும் தொகைக்குக் கிஸ்தி என்று பெயர். 18ஆம் நூற்றாண்டுக் குத்தகையிலிருந்து இது வெகுதூரம் விலகிவிடவில்லை. மாறியது சரக்கு. புதுச்சேரி அருகே வில்லியனூரை அடுத்த ஆரியபாளையத்தில் உள்ள அரசு வடிசாலை வழியாகக் கடைக்கு வரும் சாராயத்தின் அடிப்படை, ஆலைத் தூண்களில் 95 விழுக்காட்டுக்கு நெருக்கமாக வடித்த எரிசாராயம். அதில் தண்ணீர் சேர்த்து வலுவைக் குறைக்கிறார்கள். பட்டையும் இல்லை, செம்பும் இல்லை, ஊறலின் மணமும் இல்லை.

தமிழ்நாடு 1971ல் மதுவிலக்கைத் தளர்த்தி, 1974ல் மறுபடி கொண்டுவந்து, 1981ல் திரும்பத் தளர்த்தியது. 1987ல் கள்ளுக்கும் 1991ல் மலிவு மதுவுக்கும் கதவை மூடியது. அதிலிருந்து நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கள் வேண்டுமென்றால் காரைக்கால்தான் கதி. தெற்கே வாஞ்சூரிலும் வடக்கே பூவத்திலும் பேருந்தை விட்டு இறங்கிக் குடித்துவிட்டுத் திரும்புவோர் ஒரு புறம். மூட்டையாகவும் பாக்கெட்டாகவும் புதுச்சேரிச் சாராயத்தைக் கடத்துவோர் இன்னொரு புறம். எல்லைச் சோதனைச் சாவடிகளில் பிடிபட்ட சாராயம் பற்றிய செய்தி டெல்டா பதிப்பு நாளிதழ்களில் வாடிக்கையான பத்தி.

கள்ளச்சாராயச் சாவுகளுக்கு ஊறலையும் பானையையும் குற்றம் சொல்வது பொதுவழக்கம். வெல்ல ஊறலில் மெத்தனால் மிகச் சொற்பமாகத்தான் உண்டாகும். அது பழத்தின் பெக்டினிலிருந்து வருவது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20 பேருக்கு மேலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேலும் இறந்தது தொழிற்சாலை மெத்தனாலால். அங்கே காய்ச்சுதலே இல்லை, கலப்பு மட்டுமே. மெத்தனால் 64.7 பாகையிலேயே கொதிக்கும் என்பதால் முதலில் வரும் துளிகளைக் கொட்டிவிட்டால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையல்ல. தண்ணீரோடும் சாராயத்தோடும் கலந்திருக்கும் மெத்தனால் வடிப்பின் கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும்.

வீட்டில் விளையாட்டாகச் செம்புத் தூண்கலம் கட்டி, சொந்தக் குடிக்கு வடித்துக்கொள்ளும் பொழுதுபோக்கு நியூசிலாந்தில் 1996 முதல் சட்டத்துக்கு உட்பட்டது. பிரான்சில் தோட்டக்காரர் தம் பழத்தை வடித்து 10 லிட்டர் தூய சாராயம்வரை தீர்வையில்லாமல் வைத்துக்கொள்ளும் பரம்பரை உரிமை 1960 வரை புதிதாக ஒருவருக்குச் சேர முடிந்தது. காரைக்காலில் உரிமம் இல்லாமல் ஒரு சட்டியில் காய்ச்சினாலும் குற்றம். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில், கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப்பின் 2024ல் திருத்திய மதுவிலக்குச் சட்டப்படி, விற்ற கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை.